நின்றபடி பேசும் கால் மணி நேரம்

மென்பொருள் குழுக்கள் தினமும் காலையில் நின்றபடி ஒரு கூட்டம் போடுகின்றன. ஸ்டாண்ட்-அப் என்பது பொதுப்பெயர். ஸ்க்ரம் முறையில் வேலை செய்பவர்கள் டெய்லி ஸ்க்ரம் என்பார்கள். கால் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. சைபர்ஜெயாவிலும் கே.எல். சென்ட்ரலைச் சுற்றியுள்ள கோபுரங்களிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது அன்றாட வழக்கம். ஜெஞ்சாரோம், பந்திங், கேரித்தீவுப் பக்கம் தோட்டங்களில் வாழ்ந்த அவர்களுடைய தாத்தா பாட்டிமாருக்கும் விடியுமுன் நின்றபடி நடக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அதற்குப் பெரட்டு என்று பேர்.

இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. ஒன்று ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தது, மற்றது 1990களின் அமெரிக்க மென்பொருள் அறைகளில். ஸ்டாண்ட்-அப்பை உருவாக்கியவர்கள் பெரட்டைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். ஆனாலும் இரண்டின் பிறந்த கதையையும் சேர்த்துச் சொன்னால்தான், ஒரே மாதிரி நிற்கும் இரண்டு கூட்டங்களில் ஒன்று ஏன் மனிதனுக்கு உதவுகிறது, மற்றது ஏன் அவனை எண்ணிக்கையாக்குகிறது என்பது விளங்கும். நம் குழுக்களில் பலர் ஸ்டாண்ட்-அப் என்ற பெயரில் பெரட்டுதான் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்கு மனவருத்தம் தரும் விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரட்டு ஏன் அத்தனை சீக்கிரம் நடந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். அந்த நேரத்தைக் குறித்தது தோட்ட மேலாளரான துரை மட்டுமல்ல, மரமும்தான். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் இரவு முழுதும் நீர் ஏறி அழுத்தம் கூடுகிறது. விடியற்காலையில் அது உச்சத்தில் இருக்கும். அப்போது பட்டையைக் கீறினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறி இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், பால் குறையும். ஆகவே இருட்டிலேயே ஆள் எழும்ப வேண்டும், முதல் வெளிச்சத்தில் மரத்தடியில் நிற்க வேண்டும். ராத்திரி மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து, அதைப் பிடிக்கும் மங்குக்கு வராமலே வீணாகும். இன்றைக்கு வெட்டு உண்டா இல்லையா, இல்லையென்றால் யாரைக் களை பிடுங்க அனுப்புவது, யாரை உரம் போட அனுப்புவது என்று தினமும் முடிவு செய்தாக வேண்டும். இப்படிப் பார்த்தால் காலையில் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவதற்கு நியாயமான காரணம் இருந்தது. இன்றைய மென்பொருள் குழுவுக்கும் அதே தேவைதான். நேற்றிரவு என்ன மாறியது, அதனால் இன்றைய வேலை எப்படி மாற வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

பெரட்டுக் களத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நாலு மணிக்கே அடுப்பு எரியும். ரொட்டியோ பழைய சோறோ தூக்குச்சட்டியில் கட்டியாகும். தூங்கும் கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆயாக் கொட்டகைக்குப் போய் விட்டுவிட்டு வரவேண்டும். மணி அடித்ததும் ஆபீஸ் முன்னால் திடலில் வரிசை. தலையில் சுற்றிய துணி, முழங்கை வரை இழுத்துவிட்ட பழைய சட்டை, தோளில் காண்டாக் கம்பு, அதில் தொங்கும் வாளிகள், இடுப்பில் வெட்டுக் கத்தி. விளக்கு வெளிச்சத்தில் தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைத் திறந்து பேர் கூப்பிடுவார். கூப்பிட்டதும் குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால் புத்தகத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடுதான் அன்றைய கூலிக்கு அடிப்படை. அதனால்தான் நம் தோட்டத்து மக்கள் நாள் கூலியையே ‘பேர்’ என்றார்கள். முழு நாள் வேலைக்கு முழுப் பேர், பாதியில் நின்றால் அரைப் பேர். பிந்தி வந்தவருக்கு அன்றைக்குப் பேர் இல்லாமலும் போகும்.

கங்காணிக்கு இந்தக் கணக்கில் தனி அக்கறை இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர் அவர். தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு நின்றார்களோ, அத்தனை தலைக்குச் சில காசு வீதம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு அது நோய், கங்காணிக்கு நஷ்டம். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பிறகும் கங்காணி முறை நீடித்தது. 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்த பிறகுதான் அந்த ஆள்சேர்ப்பு நின்றது. ஆனால் களத்தில் வரிசை நிற்கும் விதம் மாறவில்லை.

அந்த விதத்தைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே திசையில் பார்த்து நிற்பார்கள். எதிரே கிராணி, பக்கத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர், சில நாள் உதவி மேலாளரான சின்ன துரை. பேச்சு மேலிருந்து கீழே மட்டும் வரும். இந்த நிரைக்கு இவர், அந்தக் காட்டுக்கு அவர். கீழிருந்து மேலே போகும் ஒரே சொல், பேர் கூப்பிட்டால் கொடுக்கும் பதில். பக்கத்தில் நிற்பவளுடைய கத்தி மழுங்கியிருக்கலாம். அடுத்த நிரையில் மரம் சாய்ந்து வழி அடைத்திருக்கலாம். அதையெல்லாம் சொல்ல அந்தக் களத்தில் இடமில்லை. வரிசை கலைந்து காட்டுக்கு நடக்கும்போதுதான் அந்தப் பேச்சு நடக்கும். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் நிரையை யார் கொஞ்சம் பிடித்துக்கொடுப்பது, எந்தப் பக்கம் பாம்பு கிடந்தது என்பதெல்லாம் அந்தச் செம்மண் பாதையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவை. வேலை நடக்கத் தேவையான கூட்டம் உண்மையில் அங்கேதான் நடந்தது. கிராணியின் புத்தகத்தில் அதற்கு ஒரு கோடுகூட விழவில்லை.

இந்த ஒருவழிப் பேச்சை நம் மக்கள் வாய்மூடி ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைத்தால் தவறு. 1941இன் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்துப் பரவியது. முன்னின்றவர் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். கூலி உயர்வுதான் முதல் கோரிக்கை. சீனத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் கூலியைத் தங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் கோரிக்கைப் பட்டியலை முழுதாகப் படித்தால் காசைவிடப் பெரிய ஒன்று தெரிகிறது. துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பேசவும் கூடவும் சுதந்திரம் வேண்டும். குறையை எடுத்துச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் தவறாக நடப்பது நிற்க வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் இன்னும் வலுத்தது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

குறையைச் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்ற அந்தக் கோரிக்கையை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். ஒரு குழு ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் அதற்குத் தேவையான முதல் நிபந்தனை அதுதான். ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்கள்தான் அதிகத் தவறுகளைப் பதிவு செய்கின்றன என்று கண்டார். அவர்கள் அதிகம் தவறு செய்ததால் அல்ல, பயமில்லாமல் சொல்ல முடிந்ததால். 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு மேலாண்மை உலகம் அதைப் பெரிதாகப் பேசத் தொடங்கியது. அதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்பே, எழுதப் படிக்கப் பெரிதும் வாய்ப்பில்லாத பால்வெட்டுத் தொழிலாளர்கள் அதை ஒரு கோரிக்கையாக எழுதிக்கொடுத்து, அதற்காகக் குண்டடியும் பட்டார்கள். ஆய்வாளரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த அறிவு நமக்குப் புதிதல்ல என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

போருக்குப் பின் 1948இல் மீண்டும் அவசரகாலம். பிரிக்ஸ் திட்டத்தின்படி லட்சக்கணக்கானவர்களை முள்வேலிக்குள் குடியேற்றிய புதுக்கிராமங்களில் ஜெஞ்சாரோமும் ஒன்று. அங்கே பெரும்பாலும் சீனர்கள். இத்தகைய கிராமங்களில் ஊரடங்கு முடிந்து வாசல் திறந்ததும் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று உடம்பைத் தடவிச் சோதித்தார்கள். காலை வரிசை என்றாலே மேலே இருப்பவர் சோதிப்பதற்கும் எண்ணுவதற்கும் உரிய இடம் என்று இந்த மண்ணில் இனம் பாராமல் பழகிப்போனது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின, நிலம் விற்கப்பட்டது. 1990களின் நடுவில் புத்ராஜெயாவைக் கட்டத் தொடங்கியபோது பேராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, காலோவே ஆகிய நான்கு தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டிங்கிலில் கட்டிய அடுக்குமாடிகளுக்கு இடம் மாறின. அடுத்தாற்போல் 1997இல் சைபர்ஜெயா எழுந்தது. மல்டிமீடியா பெருவழி என்று நாடு பெருமையோடு பேசிய காலம் அது. ஜெஞ்சாரோமிலிருந்து தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் ஏறினால் இன்று அரை மணி நேரத்தில் அங்கே போய்விடலாம். தோட்டத்து நிலத்தில் எழுந்த அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில், தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் காலை பத்து மணிக்கு வட்டமாக நிற்கிறார்கள்.

அந்த வட்டம் வேறொரு கதையிலிருந்து வந்தது.

1993இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈசல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தில் ஜெஃப் சதர்லண்ட் ஒரு மென்பொருள் குழுவை நடத்தினார். வியட்நாம் போரில் உளவு விமானம் ஓட்டியவர், பிறகு மருத்துவப் புள்ளியியல் படித்தவர், கடைசியில் மென்பொருளுக்கு வந்தவர். ஜப்பானிய அறிஞர்கள் தாகேயூச்சியும் நோனாகாவும் 1986இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அவருக்கு வழிகாட்டியது. ஹோண்டா, கேனன், ஃபுஜி-ஜெராக்ஸ் போன்ற நிறுவனங்களின் குழுக்கள் ரக்பி ஆட்டக்காரர்களைப்போல் பந்தை ஒருவருக்கொருவர் கைமாற்றியபடி ஒன்றாகவே முன்னேறுகின்றன என்று அந்தக் கட்டுரை சொன்னது. ஸ்க்ரம் என்ற பெயரும் அந்த ரக்பியிலிருந்துதான் வந்தது.

ஆனால் தினக் கூட்டம் அந்தக் கட்டுரையில் இருந்து வந்ததல்ல. பெல் லேப்ஸில் இருந்த ஜேம்ஸ் கோப்ளியன், போர்லண்ட் நிறுவனத்தின் குவாட்ரோ புரோ குழுவை ஆராய்ந்து எழுதிய அறிக்கை சதர்லண்டின் கைக்கு வந்தது. எட்டுப் பேர், 31 மாதம், பத்து லட்சம் வரி கோட். மற்ற குழுக்கள் கிட்டே நெருங்க முடியாத வேகம். எப்படி என்று பார்த்தால், அவர்கள் கிட்டத்தட்ட தினமும் கூடிப் பேசினார்கள். வடிவமைப்பவர், கோட் எழுதுபவர், சோதிப்பவர் எல்லாரும் ஒரே அறையில். ஒருவர் எழுதும் பகுதியில் ஏதாவது மாறினால் மற்றவருக்கு அன்றே தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டங்கள் ஒரு மணி நேரமாவது நீளும் என்று சதர்லண்ட் எழுதியிருக்கிறார். அவ்வளவு நேரம் தேவையில்லை, உள்ளே பரிமாறப்படும் முக்கியமான செய்தியை மட்டும் எடுத்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து மூன்று கேள்விகள் பிறந்தன. குறுகிய காலத்துக்கெனப் பிரித்துக்கொண்ட இந்தச் சுற்று வேலையைக் குழு முடிப்பதற்காக நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், குழுவுக்குக் குறுக்கே நிற்பது என்ன. தினமும் ஒரே நேரம், எல்லாரும் இருக்க வேண்டும், 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1995இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் நடந்த ஊப்ஸ்லா மாநாட்டில் சதர்லண்டும் கென் ஷ்வேபரும் ஸ்க்ரமைப் பொதுவெளியில் வைத்தார்கள்.

அதே காலத்தில் டெட்ராயிட் பக்கம் இன்னொரு ஊற்று. கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளைக் கட்டும் குழுவை 1996இல் கென்ட் பெக் எடுத்து நடத்தினார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறை அங்கே உருவானது. வட்டமாக நின்று பேசும் பழக்கத்தைப் பரப்பியதில் அந்த முறைக்கே பெரிய பங்கு. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும் என்பது எளிய கணக்கு. 1999இல் ஆலன் புளூடார்னும் சகாக்களும் செய்த சோதனையில் அது நிரூபணமும் ஆனது. உட்கார்ந்து நடத்திய கூட்டங்கள் நின்று நடத்தியவற்றைவிட 34 விழுக்காடு நீண்டன, ஆனால் முடிவுகளின் தரம் கூடவில்லை. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்ட் பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். சதர்லண்ட், ஷ்வேபர், பெக் மூவரும் அதில் உண்டு. அதற்குப் பிறகு இந்தக் கூட்டம் உலகம் முழுக்கப் பரவியது.

இந்தக் கதையில் என் மனத்தில் நிற்கும் இடம் அந்த முதல் கேள்வி. குழு முடிப்பதற்காக நேற்று என்ன செய்தாய் என்றுதான் சதர்லண்ட் கேட்கச் சொன்னார். ஊர் ஊராகப் போகப் போக அந்தக் கேள்வியின் முன்பாதி உதிர்ந்துவிட்டது. நேற்று என்ன செய்தாய் என்பது மட்டும் மிஞ்சியது. அந்த இழப்போடு கூட்டமே திசைமாறிவிட்டது. முழுக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும், அவருடைய வேலைக்கு என் வேலை எங்கே தட்டுகிறது என்று யோசிக்க வேண்டும். பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லக் குழுவை நடத்தும் லீடைப் பார்த்தால் போதும். நான் சும்மா இருக்கவில்லை என்று காட்டினால் போதும். செக்ரோலில் கோடு விழுந்துவிடும்.

எங்கேயும் காணக்கூடிய ஒரு காட்சி இது. எட்டுப் பேர் நிற்கிறார்கள். லீட் கையில் மடிக்கணினி. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிடப்பட்டவர் அவரையே பார்த்து, நேற்று லாகின் பக்கம் செய்தேன், இன்றும் அதையே தொடர்கிறேன், தடையில்லை என்கிறார். லீட் தட்டச்சு செய்கிறார். தன் முறை முடிந்தவர் கைப்பேசியைப் பார்க்கிறார், முறை வராதவர் என்ன சொல்வதென்று மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். யாரும் யாரையும் கேட்கவில்லை. சோதனை சர்வரில் இரண்டு நாளாகப் பழைய தரவு கிடப்பது ஒரு பெண்ணுக்குத் தெரியும். ஆனால் தடை என்று சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வி எல்லார் முன்னிலும் வரும். அவளும் தடையில்லை என்கிறாள். கூட்டம் முடிந்து காப்பி எடுக்கப் போகும் வழியில் பக்கத்து மேசை அண்ணனிடம் சொல்கிறாள். காட்டுக்கு நடக்கும் செம்மண் பாதையில் நடந்த அதே பேச்சு.

இப்போது அதே எட்டுப் பேர், வேறு விதமாக. பேர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. எல்லாரும் வேலைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் பலகையைப் பார்த்து நிற்கிறார்கள். வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியும் நிலையில் இருக்கும் வேலையிலிருந்து தொடங்குகிறார்கள். ஒரு டிக்கெட், அதாவது ஒரு வேலை, மூன்று நாளாக டெஸ்டிங் கட்டத்திலேயே நிற்கிறது.

“அண்ணே, டெஸ்ட் சர்வர்ல இன்னும் பழைய டேட்டாதான் கிடக்கு. அதான் நகரல.”

“அப்படியாம்மா? புது டேட்டா என்கிட்ட ரெடியா இருக்கு. முடிஞ்சதும் உன் மேசைக்கு வர்றேன், சேர்ந்து ஏத்திடுவோம்.”

அவ்வளவுதான். இருபது விநாடி. சர்வரைப் பற்றிய விவாதம் வட்டத்துக்குள் நடக்கவில்லை. அது இரண்டு பேர் சமாச்சாரம், மற்ற ஆறு பேரை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. லீட் பேசவே இல்லை. அவரும் நிற்கிறார், ஆனால் வட்டத்தில் ஒருவராக. இந்த ஒழுங்குக்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். ஆளைச் சுற்றாமல் வேலையைச் சுற்றி வரவேண்டும், சிக்கலைத் தீர்ப்பதைக் கூட்டம் முடிந்ததும் உரியவர்கள் மட்டும் உட்கார்ந்து செய்ய வேண்டும், தடையைச் சொன்னவருக்கு எல்லார் முன்னிலும் நன்றி சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னது லீடின் கையில்தான் இருக்கிறது. முதல் தடவை ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு தடையைச் சொல்லும்போது லீடின் முகம் எப்படிப் போகிறது என்பதைக் குழு முழுதும் கவனிக்கும். அந்த முகச்சுளிப்பு ஒன்று போதும், அடுத்த ஆறு மாதத்துக்கு யாருக்கும் தடையே இருக்காது.

லீட் பழக்கத்தை மாற்ற முடியாமல் தவித்தால் ஒரு வழி உண்டு. ஒரு வாரம் அவர் வட்டத்துக்கு வெளியே எல்லாருக்கும் பின்னால் நிற்கட்டும். பேசுகிறவர்கள் அவரைத் தேடித் திரும்பினால் தரையைப் பார்க்கட்டும். கண் சந்திக்க ஆள் இல்லையென்றால் பேச்சு தானாகவே பக்கத்தில் நிற்பவரை நோக்கிப் போகும். சொல்லச் சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

ஸ்க்ரமை உருவாக்கியவர்களே இந்தச் சரிவை உணர்ந்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். சதர்லண்டும் ஷ்வேபரும் 2010இல் முதலில் வெளியிட்ட ஸ்க்ரம் கையேட்டில் அந்த மூன்று கேள்விகள் இருந்தன. 2017 பதிப்பில் அவற்றை வெறும் உதாரணமாக ஆக்கினார்கள். 2020 நவம்பர் பதிப்பில் அடியோடு எடுத்துவிட்டார்கள். கூட்டத்தின் நோக்கம், அந்தச் சுற்றின் இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்து அடுத்த நாள் வேலையைத் திருத்திக்கொள்வது. அதற்கு எந்த வடிவம் ஒத்துவருமோ அதை வேலை செய்கிறவர்களே தேர்ந்துகொள்ளலாம் என்கிறது கையேடு. நிற்க வேண்டும் என்றுகூட எந்தப் பதிப்பும் விதிக்கவில்லை. கூட்டம் டெவலப்பர்களுக்கு உரியது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் கையேட்டைப் படிக்காதவர்கள்தான் அதிகம். மேலிடத்துக்குத் தினமும் அறிக்கை வேண்டும், அதற்கு ஸ்டாண்ட்-அப் வசதியாக இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் காலம் வந்ததும் இது இன்னும் மோசமானது. கேமரா போட்டுப் பத்து மணிக்குத் திரையில் முகம் காட்டினால்தான் வேலைக்கு வந்த கணக்கு என்று ஆக்கிய குழுக்கள் உண்டு. வேலைக்கு வந்தாரா என்று தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு வழி தேடட்டும். வருகைப் பதிவை இந்தக் கால் மணி நேரத்துக்குள் நுழைத்தால் அந்த நிமிடமே எல்லார் முகமும் ஒரே திசையில் திரும்பிவிடும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோலாலம்பூரில் பல குழுக்களுக்கு ஒரு பாதி சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர இடைவெளி. இங்கே ஒன்பது மணிக்குக் கூட்டம் என்றால் அங்கே ஆறரை. பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் ஒரு தாய் ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறுகையில் கைப்பேசியுமாக நின்று தடையில்லை என்று சொல்கிறாள். இங்கே பதினொன்றரைக்கு வைத்தால் அங்கே ஒன்பது, இரு பக்கமும் தாங்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் மலாய்ச் சகாக்களுக்கும் பன்னிரண்டுக்குள் முடிந்துவிடும். பெரட்டுக்கு இருட்டோடு எழும்பியதற்கு மரம் ஒரு காரணம் கொடுத்தது. கோட் எழுதும் வேலைக்கு அப்படிக் கட்டாயமான மணி கிடையாது. ஆகவே நேரத்தை அந்தக் கூட்டத்தில் நிற்கப் போகிறவர்களே கூடிப் பேசி முடிவு செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் கேட்டு, ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். புதுக் குழுவொன்று ஸ்டாண்ட்-அப் தொடங்குகிறது என்றால் முதல் நாள் எடுக்க வேண்டிய முதல் முடிவு இதுதான், அதை லீட் எடுக்கக் கூடாது.